ஆறு மணிப் பசி

என் அப்பாவைப் பற்றி, ஐரோப்பாவின் வடக்கே எங்கள் ஊரான டெவெந்தரில் யாரைக் கேட்டாலும், "வீபேயா? நல்ல மனுஷனாச்சே" என்பார்கள். இன்னும் ஒரு வரி சொல்லுங்கள் என்றால் யோசிப்பார்கள். இருபத்தெட்டு வருஷமாக இந்த ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். ஊரில் பாதிப் பேர் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்து வழிந்தவர்கள்தான். அப்படியிருந்தும் அவரைப் பற்றிச் சொல்ல ஒருவரிடமும் ஒரு கதை இல்லை. யார் மேலும் மோதியதில்லை, யாரையும் திட்டியதில்லை. வீட்டில் நாற்காலியை விட்டு எழுந்தால்கூட முதலில் இடப்பக்கம் ஒரு பார்வை, பிறகு தோளுக்கு மேல் ஒரு பார்வை, அப்புறம்தான் எழுவார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. வெளியூரில் தானே கண்டுபிடித்த ஒரு சாப்பாட்டுக் கடை வேண்டும். ஆயுசுக்கும் மறக்காத மாதிரி ஒன்று. சாப்பிடுவதற்காக என்று சொல்ல மாட்டேன். சொல்வதற்காக.

எங்கள் வீடுகளில் பிறந்தநாள் என்றால் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவது. ஆளுக்கு ஒரு காப்பி, ஒரு துண்டு கேக். இரண்டாவது துண்டு கேட்டவனை அடுத்த வருஷம் வரை மறக்க மாட்டார்கள். பேச்சு வட்டத்தைச் சுற்றி வரும். மழை, முட்டி வலி, பிறகு விடுமுறை. விடுமுறை என்று வந்துவிட்டால் மேடை ஹார்ம் மாமாவுக்கு. அம்மாவின் தம்பி, கதவு ஜன்னல் விற்கிறவர். அவர் எந்த ஊருக்குப் போனாலும் அவருக்காகவே ஒரு கடை காத்துக்கொண்டிருக்கும். பெயர்ப் பலகை இருக்காது. ஆறே மேசைதான் இருக்கும். மெனு கேட்டால் சமைக்கிறவள் சிரிப்பாள். அதற்கப்புறம் வந்த முயல் குழம்பைப் பற்றி மாமா சொல்லும்போது வட்டத்தில் கரண்டிச் சத்தம் கேட்காது.

முடிந்ததும் மாமாவின் மனைவி, எங்கள் அத்தை, அப்பா பக்கம் திரும்பி, நீங்கள் போன இடத்தில் எப்படி என்று கேட்பாள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, ரயில் சொன்ன நேரத்துக்கு வந்ததிலிருந்து ஆரம்பிப்பார். இரண்டாவது வாக்கியத்தில் யாராவது சீஸ் தட்டை இந்தப் பக்கம் தள்ளச் சொல்வார்கள். தட்டு வந்து சேர்வதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். அப்பா திறந்த வாயை மூட ஒரு வாய் காப்பி குடிப்பார். பதினாறு வருஷமாக இதைப் பார்க்கிறேன். சிரிப்பு வரும். சில சமயம் வேறு ஏதோவும் வரும், அதை விடுங்கள்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெயர் தீர்சா. தலைமையாசிரியரின் கார் விற்பனைக்கு என்று விளம்பரம் கொடுத்தேன். பதினான்கு பேர் வந்து டயரை உதைத்துப் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஆகவே அப்பாவும் அம்மாவும் போகிற பயணத்துக்கெல்லாம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். தனியாக விட்டுப் போகப் பயம்.

அப்பாவின் தேடலுக்கு ஒரே விதிதான். இணையத்தில் பார்க்கக் கூடாது, அது பக்கத்து ஆளின் பரீட்சைத் தாளை எட்டிப் பார்க்கிற மாதிரி. தெருத்தெருவாக நடந்து, உள்ளே ஆள் உட்கார்ந்திருக்கிற கடையாகப் பார்த்து நுழைய வேண்டும். ஊர்க்காரர்கள் சாப்பிடுகிற இடத்தில் சாப்பாடு நன்றாக இருக்கும், காலிக் கடைக்குள் போகிறவன் மடையன். விதி நூற்றுக்கு நூறு சரி. ஒரே சங்கடம், அப்பாவுக்கு ஆறு மணிக்குப் பசிக்கும்.

அவருக்கு மட்டுமா? எங்கள் தெரு முழுக்க ஆறு மணிக்குத்தான் உருளைக்கிழங்கு மேசைக்கு வரும். ஆறே காலுக்கு ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் சண்டைக்கு வந்திருக்கிறான் என்று அர்த்தம். இந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு அப்பா தெற்கே போவார். அங்கே ஆறு மணிக்கு நல்ல கடைகளெல்லாம் இருட்டிக் கிடக்கும், நாற்காலிகள் மேசை மேல் கவிழ்ந்திருக்கும். அப்பா கண்ணாடியில் கைவைத்து எட்டிப் பார்ப்பார். ஈ காக்கா இல்லை, இங்கே ஏதோ சரியில்லை என்று அடுத்த கடைக்கு நகர்வார். இருபது கடை தாண்டி, அம்மாவின் குதிகால் கெஞ்ச ஆரம்பித்த பிறகு, ஒரு கடை மட்டும் ஜேஜே என்று இருக்கும். அப்பாவின் முகம் மலரும். உள்ளே போய் உட்கார்ந்தால் நாலு மேசையிலும் எங்கள் பாஷை.

ஒரு வருஷம் பொலோன்யாவில் பக்கத்து மேசையில் இருந்தவருக்குச் சொந்த ஊர் அபெல்டோர்ன். எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டர். போதாததற்கு அப்பாவிடம் ஓட்டக் கற்று, லைசென்ஸ் பரீட்சையில் மூன்று தடவை தோற்றவர். அப்பாவைப் பார்த்ததும் அவர் கைகள் தன்னால் ஸ்டியரிங் பிடிக்கிற இடத்துக்குப் போயின. அன்று முழுக்க அப்பாவின் கோட்டு முதுகில், பயிற்சிக் காருக்கு ஒட்டுகிற நீல 'எல்' ஒட்டிக்கொண்டிருந்தது. அது என் கைங்கரியம். எதிரே வந்தவர்களெல்லாம் சிரித்தபடி ஒதுங்கினார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு மரியாதை பார் என்று அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டே நடந்தார்.

போர்த்தோவில் இன்னும் மோசம். ஆறே காலுக்கு ஒரு கடையில் நிஜமாகவே ஊர்க்காரர்கள் மூன்று பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா எங்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார். அந்த மூன்று பேரும் பெருமூச்சு விட்டு, தட்டை மூடிவைத்து, எழுந்து ஏப்ரன் கட்டிக்கொண்டார்கள். பரிமாறுகிறவர்களே அவர்கள்தான். மத்தியானம் மிஞ்சிய சோற்றைச் சூடு பண்ணிக் கொடுத்தார்கள். அதை அப்பா மென்று பார்த்து, மனசில் எழுதிக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று தேடிய முகத்தை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

அம்மா மருந்துக் கடையில் நாள் முழுக்க நிற்கிறவள். அவளுக்குச் சாப்பாடு எதுவானாலும் சரி, நாற்காலி வேண்டும். ஊர் ஊராக நீரூற்றுத் திண்டுகளில் உட்கார்ந்து அப்பா எட்டிப் பார்த்து வரும்வரை காத்திருந்தே அவளுக்கு ஐரோப்பா பழக்கம்.

போன வருஷம் அக்டோபரில் அம்மாவுக்கு ஐம்பது. ஐம்பது என்றால் சின்ன வட்டம் கிடையாது. எங்கள் ஊர் வழக்கப்படி வாசலில் வைக்கோல் கிழவி பொம்மை நிறுத்தி, முப்பது பேரைக் கூப்பிட வேண்டும். ஹார்ம் மாமா கோடையிலேயே அப்பாவின் முதுகில் தட்டி, "இந்த வாட்டியாவது உங்க கதை ஒண்ணு கேக்கணும் அத்தான், ரயில் கதை வேணாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். மறுநாள் காலையில் செப்டம்பருக்குத் தெற்கே லியோனில் அறை பிடித்துவிட்டார். செவ்வாயிலிருந்து வெள்ளி வரை.

ரயிலில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "வீபே, இதான் கடைசி. இந்த ஊர்லயும் என்னை நடக்க விட்டா, அடுத்த வருஷம் நான் ஏரிக்கரைல கூடாரம் போட்டுக்குவேன். அங்க நாற்காலியாவது நம்மளுது."

அப்பா தலையாட்டினார். அவருக்கு அது மிரட்டலாகப் படவில்லை, கெடுவாகப் பட்டது.

முதல் நாள் மாலை ஐந்து ஐம்பதுக்குக் கிளம்பினோம். ஏழு மணிக்கு, சாப்பாட்டுப் படம் போட்ட அட்டை தொங்குகிற கடையில், எங்கள் ஊருக்கு அடுத்த ஸ்வோலேயிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குப் பக்கத்தில் பீட்சா தின்றோம். அவர்கள் எங்களுக்குச் சீட்டாடக் கற்றுக்கொடுக்கப் பார்த்தார்கள்.

இரண்டாம் நாள் அப்பா பிரமாதமாக ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆறு மணி, உட்கார இடமில்லை, அத்தனையும் லியோன்காரர்கள். ஒரு ஸ்டூல் கிடைத்தது, அம்மா உட்கார்ந்தாள். அப்பா சாப்பாடு கேட்டார். ஒரு கிண்ணம் ஆலிவும் ஒரு கிண்ணம் வேர்க்கடலையும் வந்தன. சரி, இது முதல் ஐட்டம் என்றார் அப்பா. முக்கால் மணி நேரம் கழித்துத்தான், அங்கே ஒருவருமே சாப்பிடவில்லை, குடித்துக்கொண்டிருக்கிறார்கள், சாப்பிட வேறெங்கோ எட்டு மணிக்குப் போகப் போகிறார்கள் என்று எனக்கு உறைத்தது. அம்மா சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அன்றைக்கு எங்கள் ராச்சாப்பாடு வேர்க்கடலை.

இனி மத்தியானத்துக்கு வருகிறேன். எங்களுக்கு மத்தியானம் என்றால் ரொட்டி. நாலு நாளைக்கு வேண்டிய பழுப்பு ரொட்டியையும் ஒரு பாளம் சீஸையும் அப்பா வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்திருந்தார். காலையில் அறையிலேயே அடுக்கி, அலுமினியத் தாளில் சுற்றி, ஆளுக்கு இரண்டு. பன்னிரண்டு மணிக்கு எந்த பெஞ்சு அகப்படுகிறதோ அங்கே பிரித்துத் தின்போம். மூன்றாம் நாள் அகப்பட்ட பெஞ்சு ஆற்றுக்குப் பக்கத்துச் சின்னச் சதுக்கத்தில். எதிரே ஒரு குறுகலான கடை, சிவப்புக் கட்டம் போட்ட திரை. பன்னிரண்டு அடித்ததும் ஆட்கள் சாரிசாரியாக உள்ளே போனார்கள். முட்டி வரை சுண்ணாம்பு படிந்த சுவர்ப்பூச்சு வேலைக்காரர்கள், தபால்காரி ஒருத்தி, கைகோத்த இரண்டு கிழவர்கள். கதவு திறந்து மூடும்போதெல்லாம் வெண்ணெய் கருகுகிற வாசனை வந்து என் ரொட்டி மேல் உட்கார்ந்தது. அப்பா கடைக்கு முதுகைக் காட்டியபடி மென்றுகொண்டிருந்தார்.

அன்று மாலை ஆறு மணிக்குத் தேடலில் அதே கடை வந்தது. நாற்காலிகள் கவிழ்ந்திருந்தன. ஒருத்தி தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கண்ணாடியில் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அப்பா, மத்தியானம் இங்க நிக்க இடமில்ல. நான் பாத்தேன்."

"மத்தியானமா? மத்தியானம் ரொட்டிதானே."

"அவங்க சூடா சாப்பிட்டாங்கப்பா."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப ஆறு மணிக்கு என்னத்தச் சாப்பிடுவாங்க?"

இருபத்தெட்டு வருஷமாக மற்றவர்களுக்குக் கண்ணாடியைப் பார், கண்ணாடியைப் பார் என்று சொல்லிக்கொடுக்கிறவர். அவர் வயிற்றை அவருக்குக் காட்ட ஒரு கண்ணாடி இல்லை. அன்றைக்கும் படம் போட்ட அட்டை தொங்குகிற கடைதான்.

கடைசி நாள் மூன்று மணிக்கு ரயில். காலையில் அப்பா ரொட்டிகளைச் சுற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நான் பையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடி, ஆறு ரொட்டியையும் அன்னப் பறவைகளுக்குப் போட்டேன். முகத்தைச் சுளித்தன, ஆனாலும் தின்றன. ஹோட்டலின் சின்னத் துவாலைகளை ரொட்டி அளவுக்கு மடித்து, நடுவில் அதே சீஸை வைத்து, அதே தாளில் சுற்றினேன். சீஸை வீணாக்குவானேன். பன்னிரண்டுக்கு அந்தச் சதுக்கத்து பெஞ்சுக்குத்தான் போக வேண்டும் என்று அடம்பிடித்ததும் நான்தான்.

அப்பா தன்னுடையதைப் பிரித்தார். துவாலையின் ஓரத்தில் ஹோட்டல் பெயர் நூலில் தைத்திருந்தது. அதை முழுசாகப் படித்தார். அம்மாவினுடையதைப் பிரித்தார், என்னுடையதையும். கத்துவார் அல்லது சிரிப்பார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"ரொட்டி எங்க தீர்சா?"

"அன்னம் தின்னுடுச்சு."

அவர் துவாலையை மறுபடி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "இன்னிக்கு இது வேணாம்மா. நாலு நாளா ஒண்ணும் ஆம்படல. முப்பது பேரு உக்காந்திருப்பாங்க. உங்கம்மாவோட ஐம்பதாவது. அந்த வட்டத்துல நான் என்னன்னு சொல்லுவேன், சொல்லு. மறுபடியும் ரயில் வந்துச்சுன்னா?"

எனக்கு அந்த அன்னங்களின் கழுத்தை நெரித்து ரொட்டியைத் திரும்ப வாங்க வேண்டும் போல இருந்தது. எதிரே பார், கடை நிரம்புகிறது பார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா எழுந்தாள். பாவாடையைத் தட்டிவிட்டாள்.

"நான் போய் உக்காரப் போறேன்" என்றாள். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சதுக்கத்தைத் தாண்டி அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அப்பா இடப்பக்கம் பார்த்தார், தோளுக்கு மேல் பார்த்தார், துவாலைகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

உள்ளே இடமே இல்லை. கொண்டையில் பென்சில் செருகியிருந்த கடைக்காரி அம்மாவின் காலை ஒரு பார்வை பார்த்தாள். நீள மேசையில் இருந்த பூச்சு வேலைக்காரர்களைக் கையசைத்து நகரச் சொன்னாள். நகர்ந்தார்கள். அப்பா சைகையால் மெனு கேட்டார். அவள் சிரித்தாள்.

அப்பா சட்டென்று என்னைப் பார்த்தார். எனக்கும் புரிந்தது. ஹார்ம் மாமாவின் கதையில் வருகிற அதே சிரிப்பு.

முதலில் கடுகு போட்ட பருப்பு வந்தது. பிறகு ஒரு மண் தட்டில், ஆற்று மீனை முட்டையோடு அரைத்துப் பிடித்த நீளக் கொழுக்கட்டை, கனத்த பாலேட்டுக் குழம்பில் பாதி முங்கி, மேலே மட்டும் பழுப்பாக முறுகி. அப்பா உருளைக்கிழங்கைக்கூட சமசதுரமாக வெட்டித் தின்கிறவர். ஒரு வாய் வைத்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த வேலைக்காரர் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பைத் துடைப்பது எப்படி என்று காட்டினார். அப்பா கற்றுக்கொண்டார், நல்ல மாணவர். அம்மா மேசைக்கடியில் இரண்டு காலணியையும் கழற்றிவிட்டாள். ஒன்றே கால் மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டோம். கிளம்பும்போது அப்பா கடையின் பெயரையும் தெருவையும் நோட்டில் எழுதிக்கொண்டார், பெரிய எழுத்தில்.

அதற்கப்புறம் மூன்று வாரம் பயிற்சிதான். காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மாணவர்களிடம் அந்தக் கொழுக்கட்டைக் கதையைச் சொல்லிச் சொல்லிச் செதுக்கினார். ஒரு பையனுக்கு ரவுண்டானாவில் எப்படித் திரும்புவது என்பது மறந்துவிட்டது, குழம்பில் என்ன இருந்தது என்பது மனப்பாடம்.

பிறந்தநாள் வந்தது. முப்பத்திரண்டு நாற்காலி. வைக்கோல் கிழவிக்கு நான் அப்பாவின் பழைய கோட்டை மாட்டி, முதுகில் 'எல்' ஒட்டியிருந்தேன். ஹார்ம் மாமா அந்த வருஷம் ஒரு மலைக்கிராமத்து ஆட்டுக்கறியைச் சொன்னார், பெயர்ப் பலகை இல்லாத கடைதான். அத்தை அப்பா பக்கம் திரும்பினாள். அப்பா தொண்டையைச் செருமினார். ரயிலைப் பற்றிப் பேசவில்லை. நேராக பெஞ்சில் ஆரம்பித்தார்.

அலுமினியத் தாளைப் பிரித்ததும் துவாலை வந்தது என்றார். அவ்வளவுதான். ஹார்ம் மாமா வாயிலிருந்த காப்பியைத் துப்பிவிட்டார். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சீஸும் உள்ளே இருந்ததா, இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றதும் நாற்காலிகள் ஆடின. அப்பாவுக்கு முகமெல்லாம் சிவந்தது. அவர் சொல்லி முப்பது பேர் சிரிப்பது அதுதான் முதல் தடவை. "அப்புறம் உள்ள போனோம்..." என்று தொடர்ந்தார். யாரோ என்னைக் கூப்பிட்டு, ஏண்டி அன்னத்துக்குப் போட்டாய், பள்ளியை விட்டுத் துரத்தியது சும்மாவா என்றார்கள். "உள்ள ஒரு அம்மா, கொண்டைல பென்சில..." என்றார் அப்பா. தாமதமாக வந்த பக்கத்து வீட்டுக்காரருக்காகத் துவாலைக் கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். சொன்னார். மறுபடி சிரித்தார்கள். மூன்றாவது தடவை அவர் கதையில் அந்தக் கடைக் கதவைத் தள்ளும்போது ஈரல் சாசேஜ் தட்டு வந்துவிட்டது.

கொழுக்கட்டை வரவே இல்லை. நான் கதவோரம் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பாழாய்ப்போன துவாலை. என் குறும்பு ஒன்று இவ்வளவு நன்றாகப் பலித்து, அதற்காக நானே என்னை உதைக்க நினைத்தது அன்றைக்குத்தான். கிளம்பும்போது ஹார்ம் மாமா அப்பாவைக் கட்டிக்கொண்டு, "துவாலை சாண்ட்விச்சு! இத அடிச்சுக்க முடியாது அத்தான்" என்றார். அப்பா புன்னகைத்தார்.

ஐந்தரைக்கு வீடு காலி. அம்மா முன்னறையில் இரண்டு நாற்காலியை இழுத்துப்போட்டு, ஒன்றில் உட்கார்ந்து ஒன்றில் காலை நீட்டியிருந்தாள். அப்பா சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"நல்லா சிரிச்சாங்க" என்றார்.

"ஆமா."

ஒரு கிழங்கு முடிந்தது. இன்னொன்றை எடுத்தார். "கடை பேரக்கூட யாரும் கேக்கல."

நான் மேசையோரம் இருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன். "என்கிட்ட சொல்லு."

"நீ அங்கதான இருந்த."

"எனக்கு அந்த அன்னம் நெனப்பாவே இருந்துச்சு. ஒண்ணும் சரியாப் பாக்கல."

அப்பா சந்தேகமாகப் பார்த்தார். கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். இடப்பக்கம் பார்த்து, தோளுக்கு மேல் பார்த்து, எனக்கு எதிரே உட்கார்ந்தார். ஆறே மேசைதான் என்று ஆரம்பித்தார். நான் எண்ணியிருந்தேன், பதினொன்று. பெயர்ப் பலகை கிடையாது என்றார். சிவப்பில், விளக்கு போட்டு, ஆள் நீளத்துக்கு இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பூச்சு வேலைக்காரர்கள் நகர்ந்தார்கள், கடைக்காரி சிரித்தாள், பருப்பு வந்தது. மண் தட்டு வருகிற இடத்தில் அவர் இரண்டு கையையும் தூக்கி அதன் நீளத்தைக் காட்டினார். காட்டியவர் அப்படியே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நாற்பது.

சட்டென்று எழுந்து பானையை அடுப்பில் வைத்து, தீயை ஏற்றி, மூடினார்.

"இருபது நிமிஷம் இருக்கு" என்று திரும்ப உட்கார்ந்தார். "கொழுக்கட்டைக்குப் போதும்."